ஓதலிலிருந்து உணர்தலுக்கு: தமிழ் முஸ்லிம்கள் குர்ஆனைக் கற்ற வரலாறு

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

நம் ஊர் மக்தபுகளில் ஒரு பிள்ளை குர்ஆனை ஓதி முடித்தால் வீடு மகிழ்கிறது, இனிப்பு வழங்கப்படுகிறது. ஆனால் அந்த நாளே குர்ஆன் கல்வியின் இறுதி நாளாகிவிடுவதும் உண்டு. அதன்பின் ரமளானில் ஒரு முறை ஓதி முடிக்கிறோம். பொருளறியும் முயற்சியை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். வசனங்களை மக்கள் சிந்திப்பதற்காகவே இவ்வேதம் அருளப்பட்டது என ஸாத் அத்தியாயத்தின் 29ஆம் வசனம் அறிவிக்கிறது. நம் முன்னோர் இதை எவ்வாறு ஏற்று நடந்தனர் என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

நபித்தோழர்களிடமிருந்தே தொடங்குவோம். அவர்களிடம் கல்வி கற்ற அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) ஒரு செய்தியைக் கூறுகிறார்கள். தோழர்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள அறிவையும் செயலையும் கற்றுக்கொள்ளாமல் அடுத்த வசனங்களுக்குச் செல்லமாட்டார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அல்பகரா அத்தியாயத்தைக் கற்பதில் எட்டு ஆண்டுகள் செலவிட்டார்கள் என இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். அதன் வசனங்கள் 286. அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கே எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இக்கல்வி கடல்வழியாக நம் கரைக்கும் வந்தது. அரபுகள் இக்கரையை 'மஅபர்' என்றழைத்தனர். கூனிமேடும் கப்பல் வந்து நின்ற ஊரே. 1680களில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை வைத்திருந்தது. இத்தகைய துறைமுக ஊர்களில் வாழ்ந்த முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழ். ஓதும் மொழியோ அரபி. இரண்டையும் இணைக்க உருவானதே அரபுத் தமிழ். ட, ப, ள, ண போன்ற ஒலிகள் அரபியில் இல்லை. அதனால் அரபு எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகளும் குறிகளும் இட்டுத் தமிழை எழுதினர். குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு பெண், தமிழ் எழுத்து அறியாதவளாயினும், மார்க்க நூலைத் தன் தாய்மொழியில் வாசிக்க இது வழிசெய்தது.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் ஸையிது முஹம்மது (ரஹ்) (1816–1898) அவர்களின் 'மகானீ' எனும் சட்டநூல் இவ்வகையிலேயே வீடுகளைச் சென்றடைந்தது. அதே 19ஆம் நூற்றாண்டில் காயல்பட்டினத்து ஹபீப் முஹம்மது அல்காஹிரீ (ரஹ்) அவர்கள் 'ஃபுதூஹாதுர் ரஹ்மானிய்யா' என்னும் குர்ஆன் விரிவுரையை அரபுத் தமிழில் இயற்றினார்கள்.

தமிழ் எழுத்திலேயே முழுக் குர்ஆனுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும் என்ற தேவை 20ஆம் நூற்றாண்டில் வலுத்தது. மொழிபெயர்ப்பையே குர்ஆனாகக் கருதிவிடுவார்களோ என்ற தயக்கமும் ஆலிம்களிடையே இருந்தது. அது பொருளற்ற தயக்கமன்று. எந்த மொழிபெயர்ப்பும் குர்ஆன் ஆகாது, அதன் கருத்தை எடுத்துரைக்கும் முயற்சியே ஆகும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் பயின்ற ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் அப்பணியை மேற்கொண்டார்கள். 1920களில் தொடங்கிய உழைப்பு 1940களில் 'தர்ஜமதுல் குர்ஆன் பி அல்தஃபில் பயான்' என முழுமை பெற்றது. இன்று நம் இல்லங்களில் இருக்கும் பல தமிழ் மொழிபெயர்ப்புகளுக்கு அதுவே முன்னோடி.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே: ஆழ்ந்த கல்வி அவசரத்தில் விளைவதில்லை. மரக்காணம் உப்பளங்களில் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் பொறுத்திருந்தே உப்பெடுக்கிறார்கள். ஒரே நாளில் எவரும் எடுப்பதில்லை. சிறிதாயினும் நிலையாகச் செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள்.

குர்ஆனின் வசனங்கள் 6,236. நாளுக்கு இரண்டு வசனங்கள் என்றால் ஏறத்தாழ எட்டரை ஆண்டுகளில் முழுக் குர்ஆனையும் பொருளுணர்ந்து கற்றுவிடலாம். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் அரபியில் நிறுத்தி ஓதுங்கள். பின் தமிழாக்கத்தைப் படியுங்கள். அடுத்து நம்பகமான தஃப்ஸீர் ஒன்றைப் பாருங்கள். இன்று நான் இதில் எதைச் செயல்படுத்துவேன் என ஒரு வரி எழுதி வையுங்கள். ஐயம் எழுந்தால் குறித்துக்கொண்டு ஆலிமிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டு தாமே சட்டம் வகுக்க முற்பட வேண்டாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

முன்னோருக்கு நூல் அரிதாக இருந்தது, ஆர்வம் மிகுந்திருந்தது. நமக்கோ தமிழாக்கமும் தஃப்ஸீரும் கைப்பேசியிலேயே உள்ளன. நூல் கிட்டவில்லை என்று நாளை இறைவனிடம் சொல்ல நமக்கு இடமில்லை.

வல்ல அல்லாஹ், தன் வேதத்தை ஓதி, உணர்ந்து, அதன்படி நடக்கும் நன்மக்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.