பாதுகாப்புப் படிகளும் பதிப்புரிமையும் (மலேசியத் தமிழ் அச்சு)

மட்கிவரும் நூலையோ இதழையோ காப்பதற்காக நூலகம் எடுக்கும் நகல் பாதுகாப்புப் படி எனப்படும். மலேசியாவில் இதன் வரலாறு நகலெடுப்பதில் அல்ல, படி ஒப்படைப்பதில் தொடங்குகிறது.

நீரிணைக் குடியேற்றங்களின் 1886ஆம் ஆண்டு நூல் பதிவுச் சட்டப்படி, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அச்சகத்தார் ஒவ்வொரு நூலிலும் மூன்று படிகளை அரசிடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு படி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தலைப்பு, மொழி, அச்சகம், பக்க அளவு, அச்சான படிகள், விலை ஆகியவை காலாண்டுதோறும் அரசிதழில் வெளிவந்தன. நூலே கிடைக்காதபோதும் அது என்ன விலைக்கு விற்றது என்று இன்று சொல்ல முடிவது இந்தப் பட்டியல்களால்தான். அடுத்த ஆண்டு தோன்றிய ‘சிங்கை நேசன்’ (1887–1890) இதழைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் வாசிக்கலாம். அதற்கு முன்பே 1875இல் ‘சிங்கை வர்த்தமானி’ வந்ததாகச் சிலர் குறிப்பிடுவர்.

சிலாங்கூர் நீரிணைக் குடியேற்றங்களில் சேராததால் கோலாலம்பூர், கிள்ளான் அச்சகங்கள் இச்சட்டத்துக்குள் வரவில்லை.

ராம சுப்பையா தொகுத்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல், இதழ்ப் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. எது கைவசம் உள்ளது, எதைத் தேட வேண்டும் என்று பார்க்க இன்றும் எடுத்துப் புரட்ட வேண்டிய நூல் அது.

மலேசியாவின் 1986ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் அச்சு வெளியீடுகளில் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்குத் தரச் சொல்கிறது. நகலெடுப்பதற்கான வழி 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் உள்ளது. தேசிய, மாநில நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும், அமைச்சர் ஆணையிட்டுக் குறிக்கும் பொது நூலகங்களும் கல்வி நிறுவனங்களும், இலாபமின்றிப் பொதுநலனுக்காக, நியாயமான அளவில் ஒரு படைப்பைப் பயன்படுத்தலாம். பாதுகாப்புப் படி இதில் அடங்கும் என்றே கொள்ளத் தோன்றுகிறது. எத்தனை படி, எவ்வடிவில் என்பது விரிக்கப்படவில்லை. பத்துமலைத் தைப்பூச வெளியீடுகளைச் சேர்த்து வைத்திருப்பவரோ பிரிக்பீல்ட்ஸ் சங்க நூலகமோ இவ்வரம்புக்குள் தாமாக வருவதில்லை. இந்தியச் சட்டம் இதைவிடத் தெளிவு: 2012 திருத்தத்தின்படி, தன்னிடம் அச்சுப்படி உள்ள நூலை இலாப நோக்கற்ற பொது நூலகம் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம்.

மலேசியாவில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு நீடிக்கும். 1924இல் தொடங்கி 2019இல் நின்ற ‘தமிழ் நேசன்’ நாளிதழை எடுத்துக்கொள்வோம். அதில் சம்பளத்துக்கு எழுதியவரின் செய்திக்கான உரிமை பொதுவாக நிறுவனத்தைச் சேரும். வாசகர் அனுப்பிய சிறுகதையின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், எழுதியவரிடமே இருக்கும். ஞாயிறு மலரின் ஒரு பக்கத்தை இணையத்தில் இடவே பல குடும்பங்களைத் தேட நேரிடலாம். சிங்கப்பூரில் 2015இல் வெளியான தமிழ் மின்மரபுத் தொகுப்பு எழுத்தாளர்களிடம் அனுமதி பெற்றே உருவானது.

நகலெடுப்பதில் இன்னொரு விலக்கும் உண்டு: மலேசியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2022 திருத்தம் அச்சை வாசிக்க இயலாதோருக்கான படிகளுக்கு வழிசெய்தது.