நீர்மேல் எழுத்து

நிலையில்லாத ஒன்றைக் குறிப்பிட வேண்டுமானால் 'நீர்மேல் எழுத்து' என்கிறோம். எழுதிய விரலை எடுப்பதற்கு முன்பே எழுத்து கரைந்து போய்விடும் என்பது நம் பெரியவர்களின் அனுபவம். ஆனால் உலகத்தில் ஒரு கடல் இருக்கிறது. முந்நூறு வருஷங்களுக்கு மேலாக அந்த நீரின்மேல் எழுதி வந்த எழுத்தில் பெரும்பகுதி இன்னும் அழியவில்லை. அதுதான் கரீபியன் கடல்.

கிரிக்கெட் மைதானத்தில் ஒரே கோஷ்டியாக வந்து இறங்குவதால் மேற்கிந்தியத் தீவுகள் என்பது ஒரே நாடு என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. படகில் ஏறிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். காலையில் பிரிட்டிஷ் கொடி பறக்கும் தீவில் காப்பி சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்தால், பத்து மணிக்குள் அமெரிக்க மண்ணை மிதிக்கலாம். வேறொரு பக்கம் டச்சுக் கொடி. அதற்குப் பக்கத்திலேயே பிரெஞ்சுக் கொடி. இடையிடையே சொந்தக் கொடி ஏற்றிச் சுதந்திரம் பெற்ற சின்னஞ்சிறு நாடுகள். கிழக்கிலிருந்து மாறாமல் வீசும் வியாபாரக் காற்றுக்கு இந்தக் கொடிகளின் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. எல்லாக் கொடிகளையும் ஒரே திசையில்தான் பறக்க விடுகிறது.

இங்கே பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ வாடகைக்கு அமர்த்திக்கொண்டு தீவு தீவாகப் போய்வருவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு. படகுகளை வாடகைக்குத் தரும் கம்பெனிகள் டார்ட்டோலா என்ற பிரிட்டிஷ் தீவில் ஏராளம். ஜூனிலிருந்து நவம்பர் வரை புயல் காலம். அதைத் தவிர்த்துவிட்டால் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் காகிதத்தைப் பற்றியதுதான்.

புதிய தீவின் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சியதும் மஞ்சள் கொடி ஒன்றை ஏற்ற வேண்டும். கொள்ளை நோய்க்குப் பயந்த காலத்தில் பிறந்த வழக்கம் இது. 'என் படகில் நோய் இல்லை. கரையேற அனுமதி கொடுங்கள்' என்பது அந்தக் கொடியின் பாஷை. அனுமதி கிடைக்கும் வரை படகில் உள்ளவர்கள் கரையில் கால் வைக்கக் கூடாது. படகுத் தலைவர் மட்டும் பாஸ்போர்ட்டுகளையும், ஆட்களின் பட்டியலையும், படகின் பத்திரங்களையும், முந்திய துறைமுகம் கொடுத்த விடைச்சீட்டையும் எடுத்துக்கொண்டு சுங்க அதிகாரியையும் குடியேற்ற அதிகாரியையும் போய்ப் பார்க்க வேண்டும். முத்திரை விழுந்த பிறகு மஞ்சள் கொடி இறங்கும். மரியாதைக்காக அந்தத் தீவின் கொடி ஏறும். புறப்படும்போது மறுபடியும் அதே அலுவலகம், புதிய விடைச்சீட்டு. அது இல்லாமல் போனால் அடுத்த தீவில் வரவேற்பு அவ்வளவு இனிமையாக இராது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. விசா இல்லாமலே அமெரிக்கா ஏற்றுக்கொள்ளும் சில நாட்டுப் பிரஜைகள் இருக்கிறார்கள். அவர்கள் விமானத்தில் வந்தால் தடையில்லை. பெரிய பயணிக் கப்பலில் வந்தாலும் தடையில்லை. தனியார் படகிலோ வாடகைப் படகிலோ அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்குப் போனால் மட்டும் விசா வேண்டும்! பயணத் திட்டம் போடுகிறவர்கள் தீவுகளின் அழகை விசாரிப்பதற்கு முன்பு இதைத்தான் விசாரிக்க வேண்டும். வாடகைப் படகு எந்தெந்த எல்லையைத் தாண்டலாம் என்பதையும் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இத்தனை கோடுகளை இந்தக் கடலில் யார் போட்டார்கள்? சர்க்கரை போட்டது என்றால் மிகையாகாது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் நாக்கு தித்திப்புக்குப் பழகிவிட்டது. கரும்பு விளையும் தீவு ஒவ்வொன்றும் தங்கச் சுரங்கமாகத் தோன்றியது. ஆப்பிரிக்காவிலிருந்து மக்களைப் பிடித்து வந்து அடிமைகளாக விற்றார்கள். அவர்கள் வியர்வையில் கரும்பு விளைந்தது. என் தீவின் சர்க்கரை என் கப்பலில்தான் போக வேண்டும். என் தீவுக்கு வேண்டியது என் கப்பலில்தான் வர வேண்டும் என்று ஒவ்வொரு ராஜ்யமும் சட்டம் செய்தது.

அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வந்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் டிரஃபால்கர் போரில் புகழ் பெற்ற நெல்ஸன். 1784-இல் 'போரியாஸ்' என்ற கப்பலின் தலைவராக ஆண்டிகுவாவின் இங்கிலீஷ் ஹார்பருக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அதற்கு முந்திய வருஷம்தான் அமெரிக்காவின் சுதந்திரத்தை இங்கிலாந்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தது. சுதந்திரம் பெற்றவன் அந்நியன். அந்நியக் கப்பலுக்கு இங்கே வியாபாரம் கிடையாது என்பது நெல்ஸனின் வாதம். சட்டப்படி அது சரிதான். ஆனால் தீவுக்காரர்கள் சாப்பிட்ட மாவும், வீடு கட்டிய மரமும் அதுவரை அமெரிக்காவிலிருந்து வந்தவை. நீவிஸ் தீவின் அருகே அமெரிக்கக் கப்பல்களை நெல்ஸன் பிடித்ததும் வியாபாரிகள் கொதித்து எழுந்தார்கள். வழக்குத் தொடர்ந்தார்கள். கைதாகாமல் இருப்பதற்காக அந்த மாவீரர் எட்டு வாரம் தம் கப்பலை விட்டு இறங்காமலே இருந்தார். முடிவில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதே நீவிஸில் 1787-இல் பிரான்ஸஸ் நிஸ்பெட் என்ற இளம் விதவையை மணந்துகொண்டது வேறு கதை.

வழக்கில் ஜயித்தது சட்டம். பட்டினி கிடந்தது யார்? 1780-க்கும் 1787-க்கும் இடையில் புயல்களும் இந்த வியாபாரத் தடையும் சேர்ந்து விளைவித்த பஞ்சத்தாலும், அதைத் தொடர்ந்த நோய்களாலும் பதினைந்தாயிரம் அடிமைகள் மடிந்ததாக ஜமைக்காவின் சட்டசபையே கணக்குச் சொல்லிற்று. அடிமைகளை வைத்திருந்தவர்களின் சபை அது.

கோடு போடாமல் பிழைத்த தீவும் ஒன்று இருந்தது. செயின்ட் யூஸ்டேஷியஸ் என்ற டச்சுத் தீவு. எட்டுச் சதுர மைல்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் விற்கலாம் என்று துறைமுகத்தைத் திறந்து வைத்ததால் வருஷத்துக்கு மூவாயிரம் கப்பல்கள் வரை வந்து போயின. 1776 நவம்பர் 16-ஆம் தேதி 'ஆண்ட்ரூ டோரியா' என்ற அமெரிக்கக் கப்பல் வந்தபோது, அந்தத் தீவின் கோட்டை பதில் மரியாதையாகப் பீரங்கி முழங்கியது. அமெரிக்கக் கலகக்காரர்களுக்கு வெடிமருந்து கிடைத்ததும் அங்கேதான். இங்கிலாந்து அதை மறக்கவில்லை. 1781 பிப்ரவரியில் அட்மிரல் ராட்னி வந்தார். யுத்தம் மூண்ட செய்திகூடத் தீவுக்கு எட்டியிருக்கவில்லை. தீவைப் பிடித்த பிறகும் டச்சுக் கொடியை இறக்காமலே வைத்திருந்து, நம்பி வந்த கப்பல்களையெல்லாம் மடக்கினார். கொடியை நம்பியவர்கள் கெட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கோடு போட்டவர்களின் கதை. அந்தக் கோட்டை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டவர்களும் உண்டு.

செயின்ட் மார்ட்டின் என்ற தீவை 1648-இல் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு திசையில் கரையோரமாக நடந்து, சந்தித்த இடத்தில் எல்லை வைத்தார்கள் என்று வேடிக்கைக் கதை சொல்வார்கள். உண்மையில் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திட்டார்கள். வேட்டை, மீன்பிடிப்பு, உப்பளம் எல்லாம் இரு சாராருக்கும் பொது என்றும் ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தீவில் எல்லையை நடந்து தாண்டினால் இன்றும் கேட்பாரில்லை. டச்சுக் கரையிலிருந்து பிரெஞ்சுக் கரைக்குப் படகில் போனால் மட்டும் முறைப்படி விடைபெற்று, மறுபடி வருகை எழுத வேண்டும்! 1848-இல் பிரான்ஸ் தன் அடிமைகளை விடுவித்தது. டச்சு அரசு சட்டப்படி விடுவித்தது 1863-இல்தான். நடுவில் பதினைந்து வருஷம். ஆனால் வேலியில்லாத ஒரு கோட்டைத் தாண்டினால் சுதந்திரம் என்றிருக்கும்போது யார் அடிமையாக நிற்பார்கள்? டச்சுப் பண்ணைக்காரர்களும் 1848-லேயே தங்கள் ஆட்களைச் சுதந்திரர்களாக நடத்த வேண்டியதாயிற்று.

வர்ஜின் தீவுகளில் அந்தக் கோடு கடலின்மேல் கிடந்தது. ஒரு பக்கம் டென்மார்க்கின் செயின்ட் ஜான். எதிரே பிரிட்டனின் டார்ட்டோலா. நடுவில் குறுகலான இடத்தில் இரண்டு மைலுக்கும் குறைவான தண்ணீர். 1834-இல் பிரிட்டிஷ் அடிமை முறை ஒழிந்து, 1838-இல் விடுதலை முழுமையானது. டேனிஷ் தீவுகளில் அடிமைத்தனம் தொடர்ந்தது. இரவில் எதிர்க்கரையில் தெரிந்த வெளிச்சம் சுதந்திர மனிதர்களின் வீட்டு வெளிச்சம். கிடைத்த படகில், படகு கிடைக்காவிட்டால் கைக்கு அகப்பட்ட மரங்களைக் கட்டிய தெப்பத்தில் மக்கள் புறப்பட்டார்கள். கரையில் காவல் இருந்தது. நீரில் ரோந்துப் படகுகள் சுற்றின. எதிர்நீரோட்டமும் பொல்லாதது. அவர்களிடம் விடைச்சீட்டு ஏது? அகப்பட்டவர்களுக்குச் சவுக்கு, கடந்தவர்களுக்கு விடுதலை. 1848 ஜூலை 3-ஆம் தேதி செயின்ட் க்ரோயிக்ஸ் தீவில் ஆயிரக்கணக்கான அடிமைகள் திரண்டு எழுந்தபோது, கவர்னர் ஃபான் ஷோல்டன் விடுதலையை அறிவித்தார். அதுவரை அந்த நீர்வழி உறங்கவில்லை.

1917-இல் டென்மார்க் தன் தீவுகளை இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றுவிட்டது. விற்கலாமா என்று டென்மார்க்கில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். விற்கப்பட்ட தீவு மக்களுக்கு அதில் வாக்கு இல்லை.   கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

நெல்ஸனின் துறைமுகம் என்ன ஆயிற்று? 1889-இல் கடற்படை அதைக் கைவிட்டது. கட்டடங்கள் இடிந்து கிடந்தன. 1949-இல் நிக்கல்ஸன் என்ற ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி தம் குடும்பத்துடன் ஒரு பழைய பாய்மரக் கப்பலில் அங்கே வந்து சேர்ந்தார். உல்லாசப் பயணிகளைக் கப்பலில் ஏற்றித் தீவுகளைச் சுற்றிக் காட்டலானார். இந்தக் கடலில் படகு வாடகைத் தொழில் வேரூன்றியது அப்படித்தான். துறைமுகமும் செப்பனிடப்பட்டது. அந்நியக் கப்பலை நெல்ஸன் விரட்டிய இடத்தில் இன்று அந்நியப் படகுகள் வரிசையாக வந்து கட்டணம் கட்டுகின்றன.

செயின்ட் ஜான் தீவின் வடகரையில் அன்னபெர்க் என்ற சர்க்கரை ஆலையின் இடிபாடுகள் இருக்கின்றன. கரும்பு ஆட்டிய காற்றாலையின் கல்கோபுரம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் டார்ட்டோலா கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அந்த நீர்வழியாக இப்போது வாடகைப் படகுகள் பட்டப்பகலில் போய் வருகின்றன. எதிர்க்கரையில் அதிகாரி வர அரை மணி தாமதமானால் படகுத் தலைவர் அலுத்துக்கொள்கிறார். அவர் கையில் பாஸ்போர்ட் இருக்கிறது. அரை மணி காத்திருக்கலாம்.