கொல்லைப்புறக் குளமும் அதன் செலவுக் கணக்கும்



ஓய்வுக்குப் பிறகு புறநகரில் மனை வாங்கி வீடு கட்டும் நம் நண்பர்கள் ஓரிருவர், "சார், வீட்டோடு சின்னதாக ஒரு நீச்சல் குளம் போட்டால் எவ்வளவு ஆகும்?" என்று என்னிடம் கேட்டார்கள். வங்கியில் லெட்ஜர் எழுதியே காலம் கழித்தவனிடம் கேட்டால் சதுர அடி ரேட் கிடைக்காது, பழங்கதைதான் கிடைக்கும். வீட்டு நீச்சல் குளம் கோடீஸ்வரர்களிடமிருந்து நடுத்தரக் குடும்பத்துக்கு இறங்கி வந்த கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. கான்ட்ராக்டரின் எஸ்டிமேட்டில் வராத ஒரு செலவும் அதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வட கரோலினா மாநிலத்தின் ஆஷ்வில் நகரில் ஜார்ஜ் வாண்டர்பில்ட் கட்டிய பில்ட்மோர் மாளிகை 1895-ல் திறக்கப்பட்டது. அதன் அடித்தளத்தில் 70,000 கேலன் பிடிக்கும் ஒரு குளம். நம் கணக்கில் 2 லட்சத்து 65 ஆயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி 22. குளோரினும் வடிகட்டியும் வழக்கத்துக்கு வராத காலம். ஆகவே சில நாளுக்கொரு முறை மொத்த நீரையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கட்டிய செலவைவிட, கட்டிய பிறகு ஆகும் செலவுதான் அன்றைக்குக் குளத்தைச் சாமானியனிடமிருந்து தள்ளி வைத்தது.

இதைவிடப் பெரிய ஆள், பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட். கலிபோர்னியாவில் சான் சிமியோன் குன்றின் மேல், ஜூலியா மார்கன் என்ற பெண் கட்டடக் கலைஞரை வைத்து நெப்டியூன் குளத்தைக் கட்டினார். 1924-ல் ஆரம்பம். போதவில்லை என்று பெரிதாக்கினார். பிறகு மறுபடியும் இடித்துக் கட்டினார். மூன்றாவது வடிவம் 1936-ல் முடிந்தபோது கொள்ளளவு 3,45,000 கேலன், சுமார் 13 லட்சம் லிட்டர். அடுத்த வருடமே, 1937-ல், கடன் கழுத்தை நெரித்து நிறுவனத்தின் நிதிப் பொறுப்பு அவர் கையை விட்டுப் போனது. (இந்த மாதிரி வாடிக்கையாளருக்கு எந்த மேனேஜரும் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லியிருக்க மாட்டார்!) இன்று அந்த மாளிகை மாநில அரசின் சொத்து. 2014-ல் வறட்சியின்போது கசிந்துகொண்டிருந்த குளத்தை வற்றவிட்டு, மராமத்து முடித்து 2018-ல்தான் மறுபடி நிரப்பினார்கள். செலவு ஏறத்தாழ 1 கோடி டாலர்.

விலை இறங்கக் காரணமானவர் ஒரு பொறியாளர்கூட இல்லை. கார்ல் ஏக்லி என்பவர் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் இறந்த விலங்குகளைப் பாடம் செய்யும் வேலையில் இருந்தவர். அங்கே உதிர்ந்துகொண்டிருந்த சுவரைப் பூசுவதற்காக 1907-ல் ஒரு 'சிமென்ட் துப்பாக்கி'யை உருவாக்கினார். உலர்ந்த சிமென்டும் மணலும் காற்றழுத்தத்தில் குழாய் வழியாக வரும், முனையில் தண்ணீர் சேரும், கலவை சுவரில் போய் அறைந்து ஒட்டிக்கொள்ளும். பழைய முறையில் குளம் கட்ட பலகை அடித்து, கான்கிரீட் ஊற்றி, பிரிக்க வேண்டும். புதிய முறையில் குழி வெட்டி, கம்பி கட்டி, பீய்ச்சினால் முடிந்தது. பலகைச் செலவு மிச்சம், ஆள் கூலி மிச்சம், எந்த வளைவு வேண்டுமானாலும் வரும். தாமஸ் சர்ச் என்ற தோட்டக் கலைஞர் 1948-ல் சோனோமாவில் அமைத்த டானல் தோட்டத்தின் சிறுநீரக வடிவக் குளம் புகழ் பெற்றதும், கலிபோர்னியாக் கொல்லைகளில் அந்த வடிவம் பரவியது.

இரண்டாவது உதவி, இரண்டாம் உலகப் போரிலிருந்து. பசிபிக் பகுதியில் சிப்பாய்களுக்குச் சீதபேதி வராமலிருக்க அமெரிக்க ராணுவம் நுண்ணிய பாசி மண் வடிகட்டிகளை உருவாக்கியது. போர் முடிந்ததும் அதே நுட்பம் நீச்சல் குளத்துக்கு வந்தது. வடித்து நிரப்பும் வேலை போயிற்று. 1950 வாக்கில் சுமார் 2,500 வீடுகளில் மட்டும் இருந்த நிலத்தடிக் குளம், 1999-ல் 40 லட்சமாயிற்று.

செலவு நின்றுவிட்டதா என்றால் இல்லை. 32 அடிக்கு 16 அடி, சராசரி ஐந்தரை அடி ஆழம் என்று வையுங்கள். சுமார் 80,000 லிட்டர், ஏழு டேங்கர். வெயில் காலத்தில் நாளுக்குக் கால் அங்குலம் ஆவியானால் தினம் 300 லிட்டர் காற்றோடு போகும். பம்ப், மின்சாரம், குளோரின், பூச்சு எல்லாம் தனி. கட்டுவது ஒருமுறை எழுதும் மூலதனச் செலவு. மற்றதெல்லாம் மாதாமாதம் பற்று வரிசையில் வந்து நிற்கும்.

இனி அந்த எஸ்டிமேட்டில் வராத செலவு. விலை குறைந்ததால் மட்டும் இத்தனை பேர் கொல்லையில் குழி வெட்டவில்லை. அதற்கு முன் அமெரிக்க நகரங்களில் பிரம்மாண்டமான நகராட்சிக் குளங்கள் இருந்தன. செயின்ட் லூயிஸ் நகரின் ஃபேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தில் 1948 கோடையில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட வருகை. ஆனால் அது வெள்ளையருக்கு மட்டும். 1949 ஜூன் 21-ல் முதல்முறையாகக் கறுப்பினப் பிள்ளைகள் இறங்கினார்கள். அன்றே ஆயிரக்கணக்கானோர் திரண்டு கறுப்பினத்தவரை அடித்தார்கள். மறு வருடம் நீதிமன்றம் எல்லோருக்கும் திறக்கச் சொன்னது. வெள்ளையர் வருவதை நிறுத்தினார்கள். 1956-ல் குளம் மூடப்பட்டது. அலபாமாவின் மான்ட்கோமரியிலோ 1959-ல் பூங்காக்களையே மூடி, குளங்களையும் ஒழித்துவிட்டார்கள். கையில் காசிருந்த வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குப் போய், சங்கக் குளத்தில் உறுப்பினரானார்கள் அல்லது சொந்தக் குளம் வெட்டிக்கொண்டார்கள்.

கணக்கு எழுதியவன் என்ற முறையில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் என் மனதை அறுக்கிறது. அங்கே நகராட்சி ஐந்து குளங்களை நடத்தியது, வெள்ளையருக்கு நான்கு, கறுப்பினத்தவருக்கு ஒன்று. இனப் பாகுபாடு செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, 1963-ல் சொந்தமான நான்கையும் மூடினார்கள். குத்தகைக்கு எடுத்திருந்த ஐந்தாவதை உரிமையாளரிடமே திருப்பித் தந்தார்கள், அங்கே வெள்ளையர் மட்டும் தொடர்ந்து நீந்தினார்கள். நகராட்சி சொன்ன காரணங்களில் ஒன்று, எல்லோருக்கும் பொதுவாக நடத்தினால் சிக்கனமாக நடத்த முடியாது என்பது. 1971-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நகராட்சி செய்ததில் சட்ட மீறல் இல்லை என்றது. நகராட்சிக் குளத்தை மட்டுமே நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அதற்குள் எட்டுக் கோடைகள் கழிந்திருந்தன.