சி.டி.யை எடைக்குப் போடலாமா, சார்?



போன ஞாயிற்றுக்கிழமை, 1991-இல் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படித்த ஒருவர் போன் செய்தார். கடைசி பெஞ்சு. இப்போது மூன்று கடைகளுக்கு முதலாளி. பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "சார், புதுசா கார் வாங்கியிருக்கேன். அதுல சி.டி. போடுற இடமே இல்ல. வீட்டுல இருநூறு சி.டி. கெடக்கு. எல்லாத்தையும் ஒரு சின்ன பிளேயர்ல ஏத்தித் தர்றேன், சி.டி.யை எடைக்குப் போட்டுடலாம்னு பையன் சொல்றான். போடலாமா சார்?" என்றார்.

ஒரு வரியில் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் வேண்டும். தவிர, இதே கேள்வி 2006-இல் என் வீட்டிலேயே எழுந்தது. அப்போது நான் எடுத்த முடிவு தவறு. அதனால்தான் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்தக் கதை 1902-இல் தொடங்குகிறது. கிராமபோன் கம்பெனிக்காகக் கல்கத்தாவுக்கு வந்திருந்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் அந்த ஆண்டு நவம்பரில் கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். ஒரு மணி நேரம் ராகம் பாடும் நம் வித்வான்களும் பிறகு அந்த மூன்று, நான்கு நிமிடத்துக்குள் தங்களை மடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பதிவுக் கருவி வந்த முதல் நாளிலிருந்தே எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்கிற கணக்கும் கூடவே வந்துவிட்டது. 1948-இல் எல்.பி. தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் 1963-இல் அப்படி ஒரு எல்.பி.யாகத்தான் வெளிவந்தது. அதே 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தியது.

கேசட் என்றதும் உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சிரிப்பீர்கள். கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது நினைவிருக்கிறதா? நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, 60 அல்லது 90 என்று போட்ட கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். "நாளன்னிக்கு வாங்க" என்பார் கடைக்காரர். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். ஆனால் கேசட்டின் பெருமை வேறு. தட்டை விலைக்கு வாங்கிக் கேட்கத்தான் முடியும். கேசட்டில் நாமே பதியலாம். வித்வானாக இல்லாதவர்களின் குரல் முதல்முறையாக வீட்டுக்குள் தங்கியது கேசட்டால்தான்.

எங்கள் வீட்டிலும் தங்கியது. 1983-இல் என் மகனுக்குத் தொட்டில் போட்டோம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா கையோடு ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். அத்தை முறையில் என் அக்கா தாலாட்டுப் பாடினாள். அவள் யாரிடமும் பாட்டுக் கற்றவள் இல்லை. பக்கவாத்தியமும் கிடையாது. பதினோரு நிமிடம் பாடினாள். மாமா பட்டனை அமுக்கிவிட்டு எங்களையெல்லாம் வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் பொத்திக்கொண்டோம், என் அம்மாவைத் தவிர. பாட்டுக்கு நடுவே, கொஞ்சம் தள்ளி, "விளக்கைத் தூண்டி விடுங்கடி" என்கிறாள். பிறகு, "புள்ளைக்குக் காத்து படுதா பாரு" என்கிறாள். மாமாவுக்கு அன்று பெரிய வருத்தம், பதிவு கெட்டுப்போனதாக.

அம்மா 1987-இல் போய்விட்டாள். அக்கா 1996-இல். அம்மாவின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

சரி, பாடத்துக்கு வருகிறேன். பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய சி.டி. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர் வட்டம், 74 நிமிடம். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி முழுவதும் அடங்க வேண்டும் என்றுதான் 74 நிமிடம் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதில் வேலை செய்த கீஸ் இம்மிங்க் என்ற பொறியாளரே அந்தக் கதையை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. அழகான கதைகளைச் சந்தேகப்பட வேண்டும் என்று வகுப்பில் சொன்னேனே, அதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

சி.டி. செய்வது இதுதான்: ஒரு நொடி ஒலியை 44,100 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் 16 பிட் எண்ணாக எழுதிக்கொள்கிறது. இடது காது, வலது காது என்று இரண்டு தடவை. பெருக்கிப் பாருங்கள். நொடிக்கு 14,11,200 பிட். ஒரு நிமிடப் பாட்டுக்குப் பத்து எம்.பி.க்கு மேல் இடம் வேண்டும். கணினியில் அவ்வளவு இடம் அன்று ஏது? டெலிபோன் கம்பியில் அனுப்புவதென்றால் இன்னும் மோசம்.

இந்த இடத்தில் ஜெர்மனிக்குப் போக வேண்டும். எர்லாங்கன் நகரத்து ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் எண்பதுகளிலேயே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். மனிதக் காது எல்லாவற்றையும் கேட்பதில்லை. பெரிய சத்தத்தின் பக்கத்தில் நிற்கும் சின்னச் சத்தம் காதில் விழாது. மேளச் சத்தத்தில் பக்கத்து ஆள் முணுமுணுப்பது கேட்காதது போல. கேட்காத ஒன்றை எதற்காக எழுதி வைக்க வேண்டும்? விட்டுவிடலாமே! அப்படி விட்டால் நொடிக்கு 1,28,000 பிட்டிலேயே பாட்டை ஓரளவு நன்றாகச் சொல்லிவிடலாம். சி.டி.யில் பதினொன்றில் ஒரு பங்கு. அதுதான் எம்.பி.3. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் அந்த ஒட்டை 1995 ஜூலையில் முடிவு செய்தார்கள்.

இதில் ஒரு சுவையான செய்தி. பிராண்டன்பர்க் தன் முறையைச் சோதிக்க எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்'. எந்த வாத்தியமும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடுவது. தனிக்குரலில் சின்னக் கோளாறும் காதில் உறுத்தும். முதலில் கர்ணகடூரமாக வந்ததாம். அந்தக் குரல் சரியாக வரும்வரை கணக்கைத் திருத்திக்கொண்டே இருந்தார். நல்ல சோதனைதான். ஆனால் சூசன் வேகா பாடும்போது பின்னால் யாரும் விளக்கைத் தூண்டச் சொல்லவில்லை.

கருவிகளின் வரலாறு சீக்கிரம் முடிந்துவிடும். கையடக்க எம்.பி.3 பிளேயர் 1998-இல் வந்துவிட்டது. அந்த ஆண்டு வந்த டயமண்ட் ரியோவில் 32 எம்.பி. நினைவகம். அரை மணி நேரப் பாட்டு. அதற்கே அமெரிக்க இசைக் கம்பெனிகளின் சங்கம் வழக்குப் போட்டது. 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. நம்மிடம் இருக்கும் பாட்டை நம் சொந்த உபயோகத்துக்கு இடம் மாற்றிக்கொள்வதில் தவறில்லை என்கிற கருத்து அந்தத் தீர்ப்பில் உண்டு. 2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள் ஐபாடைக் காட்டியது. 5 ஜி.பி., ஆயிரம் பாட்டு, 399 டாலர். 2022 மே மாதம் அந்த வரிசையில் கடைசியாக இருந்ததையும் நிறுத்திவிட்டார்கள். இருபத்தொரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. இதைத்தான் அன்று நாமெல்லாம் 'இனிமேல் இதுதான்' என்று நினைத்தோம்!

எங்கள் வீட்டு வரலாறு இதோடு எப்படி ஒட்டி ஓடியது என்று சொல்கிறேன். 2003-இல் தஞ்சாவூரில் ஒரு கடையில் கொடுத்து அக்காவின் கேசட்டை சி.டி.யாக மாற்றிக்கொண்டேன். வந்து போட்டுக் கேட்டால், அம்மா பக்கத்து அறையில் நிற்பது போல இருந்தது. இனிமேல் அழியாது என்று நிம்மதி. அந்த நிம்மதியில் ஒரு காரியம் செய்தேன். அடுத்த வருடம் பள்ளியில் பேச்சுப் போட்டி. பதிய கேசட் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து இதை எடுத்துப்போனேன். (2004-இல் ஒன்பதாம் வகுப்புப் படித்தவர்களே, உங்கள் பேச்சு பத்திரமாக இருக்கிறது. உங்கள் மேல் பழி இல்லை. பட்டனை அமுக்கியது நான்.)

2006-இல் பெங்களூரில் வேலையில் இருந்த மகன் ஒரு பிளேயர் வாங்கி வந்தான். "அப்பா, எல்லா சி.டி.யையும் இதுல ஏத்திடறேன்" என்றான். ஒரு மாதம் விவாதம். அப்போதுதான் மேலே சொன்னதையெல்லாம் தேடிப் படித்தேன். படித்த கர்வத்தில் ஒரு தீர்ப்புச் சொன்னேன். சினிமாப் பாட்டை ஏற்றிக்கொள், கச்சேரியையும் ஏற்றிக்கொள். அக்காவை மட்டும் ஏற்றாதே. பதினொன்றில் பத்துப் பங்கைத் தூக்கிப்போடும் பெட்டிக்குள் என் அக்காவை அனுப்ப மாட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு என்னைத் தெரியும்.

சி.டி.யை பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன்.

2015-இல் பேரனுக்குத் தொட்டில். அக்கா குரலிலேயே தாலாட்டு ஒலிக்கட்டும் என்று சி.டி.யை எடுத்துப் போட்டால், பெட்டி 'டிஸ்க் இல்லை' என்கிறது. துடைத்தேன். மூன்று பெட்டிகளில் மாற்றி மாற்றிப் போட்டேன். கணினிக் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு அதுவரை தெரியாத விஷயம் இது: கடையில் விற்கும் பாட்டு சி.டி.யில் பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும். வீட்டிலும் கடையிலும் நாம் 'எழுதும்' சி.டி.யில் அப்படியில்லை. அதில் ஒரு சாயப்பூச்சு. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுப் புள்ளி வைக்கிறது. சாயம் வெளுக்கும். சூட்டில், வெளிச்சத்தில், மட்டமான தட்டாக இருந்தால் வெறுமனே வைத்திருந்தாலும்.

பந்தியில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "மாமா, கோச்சுக்காதீங்க. 2007-ல அந்த சி.டி.யை ஒரு வாரம் இரவல் வாங்கிட்டுப் போனேன்ல, அப்ப என் பிளேயர்ல ஏத்திக்கிட்டேன். கம்ப்யூட்டர்லயும் இருக்கு" என்றாள். அவளுடையது 256 எம்.பி. பிளேயர். இடம் போதாதென்று நொடிக்கு 64,000 பிட்டில் ஏற்றியிருந்தாள். இருபத்திரண்டில் ஒரு பங்கு. பதினோரு நிமிடமும் சேர்த்து ஐந்து எம்.பி. சொச்சம்.

அதைத்தான் அன்று போட்டோம். அக்கா பாடினாள். குரலின் ஓரம் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் அவளேதான். அம்மா பேசும் இடம் வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குமிழிச் சத்தம். பெரிய சத்தத்தின் பக்கத்திலிருந்த சின்னச் சத்தம். ஜெர்மன்காரர் கணக்கில் அது யாருக்கும் தேவைப்படாதது. "விளக்கைத் தூண்டி விடுங்கடி" என்பது எனக்குக் கேட்கிறது, ஏனென்றால் எனக்கு முன்பே தெரியும். மருமகளிடம் கேட்டேன். "யாரோ இருமுறாங்களா மாமா?" என்றாள்.

ஏட்டுச்சுவடிகளைப் பற்றி உங்களுக்கு நடத்தியது நினைவிருக்கும். ஓலை நிரந்தரமில்லை. யாராவது பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். எழுதுகிறவர் பிழை செய்வார், ஒரு வரி விட்டுப்போகும், இருந்தாலும் நூல் கிடைக்கும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் விட்ட வழக்கத்தை உ.வே.சா. வேதனையோடு எழுதியிருக்கிறார். அதைப் பாடமாக நடத்தியவன் நான். கேசட்டை எடுத்துப்போன அன்று நான் செய்ததும் ஆடிப்பெருக்கு வேலைதான். பிழையுள்ள பிரதி வேண்டாம் என்று மகனைத் தடுத்ததும் நான்தான். என்னிடம் கேட்காமல் பிழையோடு பெயர்த்தெழுதியவள் அவள்.

2006-இல் நான் சொன்ன காரணம் சரி. எடுத்த முடிவுதான் தவறு. சி.டி.யா, பிளேயரா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக அதைப் பார்த்துவிட்டேன். இரண்டும் இருந்திருக்கலாம். ஒலி குறையாமல் சுருக்கும் ஃபிளாக் என்ற முறை 2001-லேயே வந்துவிட்டது. சி.டி. அளவில் ஏறக்குறையப் பாதி இடத்தில் ஒரு பிட்கூடப் போகாமல் வைத்திருக்கும். எனக்குத்தான் அன்று தெரியாது.

அதனால் கடைசி பெஞ்சு முதலாளிக்கு என் பதில். தம்பி, தாராளமாக பிளேயருக்கு மாறு. மாறுவதற்கு முன் இருநூறையும் இரண்டாகப் பிரி. கடையில் வாங்கியவை ஒரு பக்கம். அவற்றைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். சுப்ரபாதத்தை எல்.பி.யிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து சி.டி.க்கும், பிறகு போனுக்கும் கம்பெனிக்காரர்களே தூக்கி வந்துவிட்டார்கள். விற்கிற பொருளை அவர்கள் வழியில் விட மாட்டார்கள். கையால் பேனாவில் பெயர் எழுதிய சி.டி.கள் இன்னொரு பக்கம். கல்யாணம், காதுகுத்து, அப்பா பேசியது, பாப்பா பாடியது. அவற்றை இந்த வாரமே பையனிடம் கொடு. முதலில் ஃபிளாக்கில் எடுக்கச் சொல். ஒன்றுக்கு இரண்டாக, வேறு வேறு வீட்டில் வைக்கச் சொல். காரில் கேட்க எம்.பி.3 தனியாக எடுத்துக்கொள்ளட்டும். அதன் பிறகும் பழையதை எடைக்குப் போடாதே. அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்று.

போனில் இதையெல்லாம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், எங்கப்பா கடை திறப்பு விழாவுல பேசினது ஒரு சி.டி. இருக்கு சார். இருங்க, போட்டுப் பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்றார்.

இன்னும் கூப்பிடவில்லை.