கண்ணொளிக்கு ஓர் ஏற்பாடு: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் வரலாறு

எட்டயபுரம் வட்டாரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவைக் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். 1976இல் தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி முதலியோர் துணைநிற்க, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கண்புரையை நீக்கும் வித்தை அன்றே கைவசம் இருந்தது. ஆயினும் கிராமங்களில் பார்வையிழந்தோர் வீட்டுத் திண்ணையிலேயே முடங்கிக் கிடந்தனர். ஊர்களில் நடத்திய கண் முகாமில் பரிசோதித்து 'ஆபரேஷனுக்கு வாருங்கள்' என்றால் பலர் வரவில்லை. பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி, கத்தி மேல் இருந்த பயம் எல்லாம் குறுக்கே நின்றன. எனவே நோயாளிகளை முகாமிலிருந்தே வாகனத்தில் அழைத்துவந்து, உணவளித்து, சிகிச்சைக்குப் பின் ஊரில் கொண்டுவிடும் முறை உருவாயிற்று. அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகச் சென்று பேசினால் மக்கள் கூடுதலாக முன்வருகிறார்கள் என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருத்துவமனைக்குள்ளேயும் வேலைமுறை மாறியது. கிராமத்து இளம்பெண்கள் பயிற்சி பெற்றுப் பரிசோதனையையும் அறுவைக்கான ஆயத்தங்களையும் ஏற்றனர். ஒரு மேசையில் அறுவை முடிவதற்குள் அடுத்த மேசையில் நோயாளி தயாராக இருப்பார். மருத்துவரின் நேரம் அறுவைக்கே பயன்பட்டது. புரையை நீக்கியபின் கண்ணுக்குள் பொருத்தும் உள்விழி லென்ஸின் இறக்குமதி விலை ஏழைக்கு எட்டாததால், 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி அதை இங்கேயே செய்தனர். கட்டணப் பிரிவா, இலவசப் பிரிவா என்பதை நோயாளியே தேர்ந்துகொள்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. கட்டணப் பிரிவின் வருவாய் இலவச சிகிச்சையைத் தாங்குகிறது.

முகாம் நடக்கும் பகுதியிலும், சிகிச்சை தேவைப்பட்டோரில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்தார்கள் என்று 1999இல் ஓர் ஆய்வு சொன்னது. அதை மறைக்காமல், ஊர்களுக்கு அருகிலேயே பார்வை மையங்களை நிறுவினர். பயிற்சி பெற்ற பெண் அங்கே கண்ணைச் சோதிக்க, மருத்துவமனையிலுள்ள மருத்துவர் இணையவழி நோயாளியோடு பேசுகிறார்.

இந்த நிறுவனம் 2026இல் அரை நூற்றாண்டை எட்டுகிறது. லென்ஸும் கருவியும் மட்டும் இந்த வெற்றியைத் தரவில்லை. பஸ், சோறு, பயிற்சி, பணம், நம்பிக்கை ஆகியவை அவற்றோடு சேர்த்தே திட்டமிடப்பட்டன. குடிநீர், கல்வி, காசநோய் என எந்தப் பொதுப்பணியில் இறங்குவோரும், கருவி வாங்கும் முன் 'மக்கள் ஏன் வரவில்லை?' என்று அவர்களிடமே கேட்க வேண்டும்.