நாணயச் சவால் விளையாட்டுகள்

காசு சேர்ப்பவர்கள் தங்களுக்குள் ஒரு நிபந்தனையை வகுத்துக்கொண்டு, அதை யார் முதலில் நிறைவேற்றுகிறார் என்று பார்க்கும் விளையாட்டே நாணயச் சவால். ஒரே பெறுமதியுள்ள குற்றியில் எல்லா ஆண்டுகளையும் சேர்ப்பது ஒரு நிபந்தனை. கடைக்காரர் தரும் மிச்சச் சில்லறையைக் கொண்டே ஒரு வரிசையை நிரப்புவது இன்னொன்று. விளிம்பை மட்டும் காட்டி எந்த நாட்டுக் காசு என்று கேட்பதும் உண்டு. காசைச் சுண்டிப் பூவா தலையா கேட்பதை இதில் சேர்ப்பதில்லை. உரோமானியச் சிறுவர்களும் 'தலையா, கப்பலா' என்று கூவி அதை ஆடியிருக்கிறார்கள். அதற்கு அதிர்ஷ்டம் போதும். சவாலில் வெல்லக் காசை வாசிக்கத் தெரிய வேண்டும்.

இன்றைய வடிவத்துக்கு ஓர் அட்டைதான் மூலம். 1934 அளவில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஜே. கே. போஸ்ட் என்பவர், ஒரு சதக் காசு பொருந்தும் துளைகளிட்ட அட்டையைக் கொண்டுவந்தார். துளைக்குக் கீழே ஆண்டு அச்சிட்டிருக்கும். பின்னர் விட்மன் பதிப்பகம் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. நிரம்பாத ஒரு துளை ஆளைச் சும்மா இருக்க விடாது என்பதை அரசுகளும் கண்டுகொண்டன. அமெரிக்கா 1999 முதல் 2008 வரை 50 மாநிலங்களுக்கும் கால் டொலர் குற்றிகளை வெளியிட்டது. பிரித்தானியா 2018இல் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளுக்கும் 10 பென்ஸ் குற்றிகளை வெளியிட்டது.

இலங்கை மத்திய வங்கி 2013இல் 25 நிருவாக மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக வெளியிட்ட பதினொரு பக்கப் பத்து ரூபாய்க் குற்றிகள் இதே வகை. அம்பாறைக்கும் ஒன்று உண்டு. முழு வரிசையின் முகப்பெறுமதி 250 ரூபாய்தான். ஆதலால் அம்மாவட்டத்தில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் கரையோர ஊர்களின் பள்ளிப் பிள்ளைக்கும் எட்டக்கூடிய சவால் இது. விலைக்கு வாங்கக் கூடாது, சில்லறையில் வந்தது மட்டுமே கணக்கு என்று விதி வைத்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

ஐந்து தலைகள்

இலங்கையின் சதக் காசுகளில் தலை பொறித்த ஐந்து முடியரசர்களையும் சேர்ப்பது பார்வைக்கு எளிய சவால். விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ், ஆறாம் ஜோர்ஜ், இரண்டாம் எலிசபெத். முதல் மூவருக்கும் செப்பு ஒரு சதமே போதும்: ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பனைமரம், மரத்தின் இருபுறமும் சிங்களமும் தமிழும். 1870ஆம் ஆண்டு பொறித்த சதங்களோடு இந்த வரிசை தொடங்குகிறது. ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு 1872இல் நடைமுறைக்கு வந்தது. எட்வர்டின் ஆட்சி 1910இல் முடிந்துவிட்டதால் அவர் தலைக்குச் சற்றுத் தேட வேண்டும்.

வலை விரித்திருப்பது ஐந்தாவது தலையில். எலிசபெத் அரியணை ஏறியது 1952இல்; இலங்கை குடியரசானது 1972இல். இருபது ஆண்டுகள் அரசியாக இருந்தவருக்கு எத்தனையோ காசு இருக்கும் என்று நினைத்து 25 சதம், 50 சதம் என்று கிண்டுபவர் ஏமாந்துபோவார். அவர் தலை வந்தது 1955, 1957 ஆகிய ஆண்டுகளின் இரண்டு சதத்தில் மட்டும். 1963இன் புதிய வரிசையில் அரச தலைக்குப் பதிலாக நாட்டுச் சின்னம் ஏறிவிட்டது. எலிசபெத்தின் அந்த இரண்டு சதம், பூவிதழ்போல் வளைந்து வளைந்து வரும் விளிம்பு கொண்ட மஞ்சள் நிறக் குற்றி. விலையும் பெரிதில்லை, தெரிந்தவர் ஒரு நாளில் முடிப்பார், தெரியாதவர் ஒரு வருடம் அலைவார்.

தலை தேடாமல் விரைவாக ஆட ஒரு காந்தம் போதும். ஒரு பிடி ஐந்து ரூபாய்க் குற்றிகளைப் பரப்பி, ஆண்டைப் பாராமல் பழையதையும் புதியதையும் பிரிக்கச் சொல்வார்கள். 2005 முதல் வந்த பித்தளைப் பூச்சுள்ள எஃகுக் குற்றிகள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு முந்தியவை கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

வளைகுடாச் சில்லறை

கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் பல குடும்பங்களுக்கு வளைகுடா நாடுகளில் உழைத்த ஆள் உண்டு. வந்தவரின் பெட்டி அடியில் மிஞ்சிய சில்லறை இந்தக் கரைக்குக் கிடைத்த தனிச் சொத்து. அறபு இலக்கம் ஓதற்பள்ளியிலேயே பழகிவிடுவதால், மற்ற ஊர்ச் சேகரிப்பாளர் தடுமாறும் இடத்தில் இங்குள்ள பிள்ளை தயங்காது: வாய் மேலே திறந்திருந்தால் ஏழு, கீழே திறந்திருந்தால் எட்டு, புள்ளி என்றால் சைபர், வட்டம் என்றால் ஐந்து.

இலக்கத்தை வாசித்த பிறகுதான் சவால். பழைய சவூதி ஹலாலாச் சில்லறைகளில் ஹிஜ்ரி ஆண்டு மட்டுமே இருக்கும். அதனுடன் 622ஐக் கூட்டிவிட்டால் கிறிஸ்து ஆண்டு வந்துவிடும் என்பது பலருக்கும் வரும் பிழை. ஹிஜ்ரி சந்திர ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு; ஆதலால் அதை 0.97ஆல் பெருக்கி, பிறகே 622ஐக் கூட்ட வேண்டும். 1408க்கு இப்படி 1987 முடிவு கிடைக்கிறது. வெறுமனே கூட்டியவர் 2030இல் போய் நிற்பார். பெயரிலும் பொறி உண்டு. ஐக்கிய அமீரகத்தில் திர்ஹம் பெரிய அலகு, அதில் நூறு பில்ஸ். கட்டாரில் திர்ஹம் சின்ன அலகு, நூறு சேர்ந்தால் ஒரு ரியால். குவைத்தில் ஒரு தீனாருக்கு ஆயிரம் பில்ஸ்.

வளைகுடாக் காசு இலங்கைக்கு வருவது புதிதும் அல்ல. தென் ஈரானின் லார் நகரின் பெயரைத் தாங்கிய லாரின் என்ற வெள்ளிக் கம்பிக் காசு இந்து சமுத்திர வாணிபத்தோடு இங்கு வந்து, தூண்டில் முள்ளாக வளைந்தது. கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான நூலில் இதைச் சோதித்த முறையைச் சொல்கிறார்: நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும், தூய வெள்ளையாக வராவிட்டால் அது செல்லாக் காசு.

விதிகளும் வரம்பும்

தோற்றவர் காசை வென்றவர் எடுத்துக்கொள்வதானால் அது சூது, மார்க்கம் விலக்கியது. எனவே இந்த ஊர்களுக்குப் பொருந்துவது பந்தயம் வைக்காத ஆட்டம். பண்டமாற்றிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது ஷரீஅத் சட்டம். 1892இல் தொடங்கிய இலங்கை வெள்ளிக் காசுகளில் ஒரு 50 சதத்தின் எடை இரண்டு 25 சதத்துக்குச் சமம். அந்த மாற்றில் சிக்கல் இல்லை. ஆனால் அரிய ஆண்டுக் காசு ஒன்றுக்குச் சாதாரணக் காசு இரண்டைக் கொடுப்பது அப்படியல்ல. ஒன்றை ரூபாய்க்கு விற்று, மற்றதை ரூபாய்க்கு வாங்குவதே வழி.

மண்ணில் தோண்டி எடுத்த பழங்காசை ஆட்டத்துக்குக் கொண்டுவர முடியாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அப்படிக் கிடைப்பது அரசுக்கு உரியது, அறிவிக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் செப்புக் காசுக்குப் பெரிய எதிரி உப்புக் காற்று. குளோரைட் ஏறிய செம்பில் வெளிர்பச்சைத் தூள் பூத்து உலோகத்தைத் தின்னும். அதைக் கண்டதும் வீட்டில் குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் காசு பளபளக்கும். கூடவே பனை ஓலையின் கீற்றும் ஆண்டின் கடைசி இலக்கமும் மழுங்கிவிடும். ஆண்டு வாசிக்க முடியாத காசு எந்தத் துளையையும் நிரப்பாது.