தோம்பில் எழுதாத வீடுகள்

வாவிக்கும் கடலுக்கும் இடையே, மட்டக்களப்பு நகரின் தெற்கே நெருங்கி அமைந்த ஊர் காத்தான்குடி. அப்பகுதி முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோர் 1626ஆம் ஆண்டைத் தவறாது குறிப்பர். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்புலத்தினின்றும் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது குவேறோஸ் பாதிரியாரின் நூலால் அறியப்படுகின்றது. எண் எஞ்சியது. அவர்கள் விட்டுவந்த வீட்டின் வாசல் எத்திசை நோக்கியது, கிணற்றடியில் நின்ற மரம் யாது என்று சொல்வாரில்லை.

மூன்றரை நூற்றாண்டு கழிந்தபின் அத்துயரம் மீண்டும் வந்தது. 1990 ஆகஸ்டு 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டிலே தொழுதுகொண்டிருந்தோருள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்த தமிழருள் 158 பேர் படையினராற் கொண்டுசெல்லப்பட்டு மீளாது போயினர். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினர். அவருட் பலர் புத்தளத்தை அடைந்தனர்.

இம்முறை எண்கள் மட்டும் எஞ்சவில்லை. 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தோன்றியது. கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி சற்குணநாயகம் அடிகளாரும் அதனைத் தொடங்கினர். போரினால் நொந்த தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அங்கே ஒருங்கே அமர்ந்து வண்ணந் தீட்டினர், களிமண் பிசைந்தனர், கதை புனைந்து நடித்தனர். வாயால் உரைக்கலாகாததைக் கையால் உரைக்கலாம் என்பதே அதன் நெறி.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலொன்றின் பெயர், ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படுவது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. நிலத்தையும் உடையவனையும் மரங்களையும் வரிக்காக எழுதிவைத்தது. சனாதனனோ, இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் சென்று, இழந்த வீட்டின் தளத்தை நினைவிலிருந்து வரையுமாறு வேண்டினார். அவர்கள் வரைந்த கோடுகளோடு அவர்களின் கதைகளையும் தம் ஓவியங்களையும் சேர்த்து நூலாக்கினார். அரசின் தோம்பு ‘இது யாருடைய நிலம்?’ என்று கேட்டது. இத்தோம்போ ‘எதனை இழந்தீர்?’ என்று கேட்கின்றது.

1626இல் வந்தோரிடம் இவ்வினாவை எவரும் கேட்டிலர். ஆதலால் அவர்தம் வீடுகள் மறைந்தன. 1990ஐக் கண்டோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களின் கையில் ஒரு தாளும் எழுதுகோலும் கொடுப்பது, வாவிக்கரையின் வரலாற்றை எழுத விரும்புவோர் காலந்தாழ்த்தாது செய்யவேண்டிய பணியாகும்.